பதினோரடிப் புகைக்குழாய்

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஒரு கேள்வி. நம் சின்ன வயதில் அம்மா அடுப்படியில் இருந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பத்து வயது வரைக்கும் இல்லை. முந்தானை ஞாபகம் இருக்கிறது, இருமல் ஞாபகம் இருக்கிறது, வளையல் சத்தம் ஞாபகம் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருக்கிறது.

அந்தப் புகை போன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில். நைனாவும் சித்தப்பாவும் பனை ஏறுவார்கள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கள்ளுக்குத் தடை வந்துவிட்டதால், பனைவெல்லச் சங்கத்தில் சேர்ந்து, சுண்ணாம்பு தடவிய சட்டி கட்டி, பதநீர் மட்டும்தான் இறக்கலாம். இறக்கியதை வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற்றியாக வேண்டும். நேரமானால் புளித்துவிடும். புளித்தது வெல்லமாகாது. அதை வீட்டில் வைத்திருந்தால் போலீஸ்காரர் அதற்கு வேறு பெயர் வைப்பார். ஏறுவது ஆண்கள் பாடு, காய்ச்சுவது பெண்கள் பாடு. எங்கள் வீட்டில் பெண்கள் என்றால் அம்மா ஒருத்திதான். நான் பாதி.

காய்ச்சுகிற கொட்டாய் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பனையோலைக் கூரை, மூன்று பக்கம் மட்டைத் தடுப்பு, நடுவில் மண் அடுப்பு. எரிப்பது மிலாறு என்கிற சவுக்குச் சுள்ளியும் பனை மட்டையும். காய்ந்த சவுக்கு நன்றாகத்தான் எரியும். கடலோரத்தில் ஈரம் படாத விறகுக்கு எங்கே போவது? விடிந்ததும் உட்கார்ந்தால் உச்சி வரைக்கும் அம்மா அந்தப் புகைக்குள்தான். நுரை பொங்கினால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவாள். பாகு பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவாள். எல்லாம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கை வழக்கத்தில்.

அந்த வருஷம் பதநீர் தொடங்குமுன்னே அம்மாவின் வலது கருவிழியில் அரிசி நொய் அளவுக்கு வெள்ளையாகப் பூ விழுந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே நைனாவிடம் சொன்னார்.

“வலது கண்ணுல விழுந்தது விழுந்ததுதான். இடது கண்ணைக் காப்பாத்தணும்னா இவங்க புகையில உக்காரவே கூடாது. இன்னும் ஒரு சீசன் தாங்காது, புரியுதா?”

நைனா தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினாள்.

“டாக்டரு பால் காச்சிப் பாத்திருப்பாரு. பதநீர் காச்சி எங்க பாத்தாரு? புகையில உக்காராம பின்ன பொட்டியில உக்காந்தா காச்சறது? வுடுய்யா.”

“நீ சும்மா இரு,” என்றார் நைனா.

அம்மா காய்ச்சாவிட்டால் நைனா ஏறியும் பயனில்லை. அம்மா காய்ச்சினால் கண் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். அப்போது எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

சங்கத்திலிருந்து ஒரு ஐயா வாரம் ஒரு நாள் சைக்கிளில் வருவார். சட்டியில் சுண்ணாம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். நைனா அவரிடம் கண் விஷயத்தைச் சொன்னதும், சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் குச்சியால் படம் போட்டார். நீள அடுப்பு, மேலே பதநீர் காய்ச்ச ரெண்டு கொப்பரை, பின்னால் புகை போக ஒரு தகரக் குழாய்.

“அடுப்பு ரெண்டடி உயரம். குழாய் ஒரு சாண் அகலம், ஒன்பதடி நீளம். அளவை மாத்தாதீங்க. குழாய் ஒடுக்கமா இருந்தா புகை மேல போக வழியில்லாம வாய்ப்பக்கமே திரும்பிடும். ரொம்ப அகலமா இருந்தா நெருப்பே குழாய்க்குள்ள ஓடிடும், கொப்பரை காயாது. ஒரு சாண், ஒன்பதடி. ஞாபகம் இருக்குமா?”

ஒன்பது என்றதும் நைனா கையிலிருந்த ஈர்க்குச்சி இரண்டாக ஒடிந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நைனா என்னைப் பஞ்சாங்கம் எடுத்து வரச் சொன்னார். அது மேற்கு அறை மாடத்தில் இருக்கும். அந்த அறையில் ஓலையும் காலிச் சட்டியும்தான் போட்டிருந்தோம். மழைக்காலத்தில் மற்ற அறை ஒழுகினாலும் அதிலேயே நெருக்கிப் படுப்போமே தவிர, மேற்கு அறையில் யாரும் படுப்பதில்லை. வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் மனையடிக் கணக்கு இருக்கும். உங்களுக்குத் தெரியாததில்லை. வீடு கட்டும்போது அறைக்கு உள்ளளவு எத்தனை அடி என்று பார்ப்போமே, அதுதான். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்தேன். ஆறு நல்லது, எட்டு, பத்து, பதினொன்று நல்லது, பதினாறு ரொம்ப நல்லது. ஏழு ஆகாது, ஒன்பது ஆகாது, பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஆகாது.

“பதினாறுதான் நம்மளுக்கு,” என்றார் நைனா.

வீட்டுக்கு மனையடி பார்த்தவர்கள் உண்டு. மாட்டுக் கொட்டகைக்குப் பார்த்தவர்களும் உண்டு. புகைக்குழாய்க்குப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து எங்கள் நைனா ஒருவர்தான்.

ரோடு போட்டு முடித்த இடத்தில் கிடைத்த இரண்டு தார் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் கடைத்தெருவுக்குப் போனோம். முதலில் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு தகரக்கடை பாய். பாய் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார், அளந்து பார்த்தார்.

“இதுல சங்கத்து ஐயா எல்லாருக்கும் சொல்ற அளவு கச்சிதமா வரும். ஒரு சாண், ஒன்பதடி. வெட்டட்டுமா?”

“பதினாறடி வேணும் பாய்.”

“அண்ணாத்த, தகரம் இன்னா ரப்பரா, இழுத்தா நீள? ஒயரத்தைக் கூட்டினா அகலம் கொறையும். ஒரு சாண் எங்க, அஞ்சு அங்குலம்தான் தேறும்.”

“பரவால்ல. பதினாறடி இருக்கணும்.”

பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “எனக்கின்னா வந்துது? நீ சொன்னபடி மடிச்சித் தர்றேன். ஆனா புகை இருக்குதே, அது நம்ம பேச்சக் கேக்காது, பாத்துக்கோ.”

நைனா இரண்டு நாளில் புது அடுப்பைக் கட்டி முடித்தார். களிமண்ணில் சாணமும் பதரும் கலந்து அவரே மிதித்தார். குழாயை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. கடற்காற்றில் அது மெல்ல ஆடியது.

சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “மகாபலிபுரத்து லைட் அவுசுக்குத் தம்பி பொறந்துட்டான்டோய்! அண்ணாத்த, கப்பக்காரன் வழி தப்பி நம்ம வூட்டுக்கு வந்து நிக்கப்போறான், நாஸ்தா செஞ்சி வெய்யி.”

அம்மா சூடம் கொளுத்தி அடுப்பைப் பற்ற வைத்தாள். உச்சியில் நூல் போல ஒரு புகை வந்தது. எல்லோரும் கைதட்டினோம். இன்னும் நாலு மட்டையை உள்ளே தள்ளியதும் அந்த நூல் அப்படியே இருக்க, மீதிப் புகை மொத்தமும் அடுப்பு வாய் வழியாகத் திரும்பி அம்மா முகத்தில் அடித்தது. பழைய அடுப்பிலாவது புகை நாலு பக்கமும் போகும். இதில் போக ஒரே வழி, அம்மா உட்கார்ந்திருந்த வழி. ஒரு வாரம் பார்த்தோம். இடது கண்ணும் இமை வீங்கி மூடிக்கொண்டது. மூன்று நாள் அவள் கண்ணில் தாய்ப்பால் சொட்டு விட்டார்கள், அடுத்த தெருவில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் வாங்கி. அந்த மூன்று நாளும் நைனா மரம் ஏறவில்லை.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் சாமி கும்பிடும்போது சில நாள் அது நடுவில் வந்து நிற்கும்.

மூன்றாம் நாள், அம்மா உள்ளே படுத்திருந்தபோது, சங்கத்து ஐயா வந்தார். குழாயைப் பார்த்துத் திகைத்துப்போனார். கூட ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

“என்னய்யா இது? நான் சொன்னது ஒன்பதடி. யாரைக் கேட்டு இப்படி வளர்த்தே?”

“மேல நல்லா காத்து கெடைக்கும்னு…” என்று நைனா இழுத்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற பெண் மாதிரி முன்னால் போனேன். “இல்ல ஐயா. ஒன்பது ஆவாதாம். மனையடியில பதினாறுதான் ரொம்ப நல்லதாம். நாந்தான் படிச்சிச் சொன்னேன்.”

ஐயா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள். “ஏன்யா, குழாய்க்குள்ள குடித்தனமா போகப்போறே? ஒன்பதுல என்னய்யா பயம்?”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். நைனா மட்டும் குழாயைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அது தளர்ந்திருந்த மாதிரி. அது தளரவில்லை. மறுபடி காய்ச்சிய அன்று கொப்பரை வழித்த பாகைக் கொட்டாங்குச்சியில் எடுத்து எப்போதும்போல எனக்குத்தான் முதலில் கொடுத்தார். அதட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அப்படியும் அவர் ஒன்பதுக்கு இறங்கவில்லை. ஒடுக்கமாக இருந்ததுதானே குற்றம், அகலமாக்கிவிடலாம் என்று சித்தப்பா யோசனை சொன்னார். அகலம் அதிகம் கிடைக்க, நல்ல அளவுகளிலேயே சின்னதான ஆறடியை எடுத்தார்கள். குழாய் மறுபடி பாயிடம் போனது. அவர் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, ஒட்டி, மடிப்பைத் தட்டிக் கொடுத்தார். நீளம் ஆறடி, அகலம் ஒன்றரைச் சாண். என்னையே உள்ளே உட்கார வைக்கலாம். “இது குழாய் இல்ல, கெணத்து உறை,” என்றார் பாய்.

புகை போனது, அதில் சந்தேகமில்லை. ஆனால் புகையோடு நெருப்பும் போனது. மட்டையைத் தள்ளத் தள்ளத் தீ நாக்கு கொப்பரைக்கு அடியில் நிற்காமல் நேராகக் குழாய்க்குள் ஓடியது. தகரம் சிவந்தது. பதநீரோ குளிக்கிற சூட்டுக்கு மேல் போகவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஊற்றி வைத்திருந்த சட்டிகளில் லேசாகப் புளிப்பு வாடை.

“இன்னும் போடு, இன்னும் போடு,” என்று நைனா அவசரப்படுத்தினார். அம்மா போட்டாள். ஆறடிக் குழாயின் வாய் கூரைக்குச் சமமாகத்தான் இருந்தது. பொறி பறந்தது. கடற்காற்று அதைக் கொண்டுபோய் ஓலையில் வைத்தது.

கூரை பிடித்துக்கொண்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, புதுத் துணியைக் கிழிப்பது போல. சித்தப்பா, “ஐயோ, ஐயோ!” என்று குளத்துக்கு ஓடினார். குளம் தூரம். அம்மா ஓடவில்லை. பக்கத்தில் வரிசையாக இருந்த பதநீர்ச் சட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கூரை மேல் வீசினாள். கண் சரியாகத் தெரியாதவள் ஒரு சட்டியைக் கூடக் குறி தவறவில்லை. அரைக் கூரையோடு தீ நின்றது. அன்றைய பதநீர் முழுக்கக் கூரையிலிருந்து சொட்டியது. கருகிய ஓலையும் வெல்லமும் கலந்த வாசனை. எறும்பு வந்து அடங்கப் பத்து நாள் ஆனது.

நைனா சாம்பலில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு ஆவாதுடா. நான் கட்டறது எதுவும் ஆவாது,” என்றார் சித்தப்பாவிடம். சித்தப்பாவுக்கு அன்று ஒரு கேலியும் வரவில்லை.

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரத் துணியை இடது கண்ணில் ஒத்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

“ஸ்கூல்ல அளவுகோல் குடுத்தாங்களே, எடுத்தா. இந்த அடுப்பு எவ்ளோ ஒயரம் கீது, அளந்து சொல்லு.”

நான் தரையிலிருந்து அளவுகோலை வைத்து அளந்தேன். “ரெண்டடிம்மா.”

“உங்க நைனா கணக்கு பாத்தாரே, அடுப்பையும் சேத்தா பாத்தாரு?”

“இல்ல. குழாய மட்டும்.”

அம்மா நைனா பக்கம் திரும்பினாள். “ஏன்யா, ஆளோட ஒயரம் பாக்கணும்னா முட்டிக்கு மேல இருந்தா அளப்பாங்க? அடுப்புதான அதுக்குக் காலு? கால வுட்டுட்டு அளந்துகினு கீறியே.”

நைனா நிமிர்ந்து பார்த்தார்.

“சங்கத்து ஐயா சொன்ன குழாய் இந்த ரெண்டடி மேல நின்னா, தரையில இருந்து எத்தினி?” என்று அம்மா என்னைக் கேட்டாள்.

நான் விரல் விட்டேன். “பதினொண்ணு.”

“பதினொண்ணு எப்படிய்யா?”

நைனா வேட்டியிலிருந்த சாம்பலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “நல்ல அளவுதான்.”

“அப்ப போய் பாய் கையில சொல்லு. கூடவே, இனிமே வர மாட்டேன்னும் சொல்லு, அந்த மனுசனும் எத்தினி வாட்டி மடிப்பாரு.”

நைனா சிரித்தார். அந்த சீசனில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

பாய் அந்தத் தகரத்தை மூன்றாவது தடவையாக மடித்தார். உடம்பெல்லாம் தையல் போட்ட மாதிரி ஒட்டுகள். ஒரு சாண் அகலம். நீளத்தை அவர் வாய்விட்டுச் சொல்ல வந்தபோது நைனா, “சரி பாய், சரி,” என்று குழாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

கூரை புதிதாக வேய்ந்து, வெள்ளிக்கிழமை பார்த்துப் பற்ற வைத்தோம். முதலில் கொஞ்சம் புகை வாய்ப்பக்கம் எட்டிப் பார்த்தது. குழாய் சூடேறியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, பெரியவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு ‘ம்ம்’ என்பது போல. புகை மொத்தமும் பின்பக்கம் திரும்பி மேலே போய்விட்டது. தீ நாக்கு இரண்டு கொப்பரைக்கு அடியிலும் நிதானமாகப் படிந்து ஓடியது. முன் கொப்பரை பொங்கியது, பின் கொப்பரை பொங்கியது. அம்மா ஆமணக்கு விதையை நசுக்க அம்மியைத் தேடினாள், கண்ணைத் திறந்துகொண்டு.

நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூக்கின் பக்கத்தில் ஒரு மச்சம். நெற்றியில் வேர்வை. கொதிக்கிற பாகின் சிவப்பு கன்னத்தில். அடுப்படியில் அம்மாவுக்கு முகம் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இன்னாடீ, புதுசா பாக்கற மாதிரி பாத்துக்கினு நிக்கற? மட்டையை எடு,” என்றாள்.

ஆடி மாதம் செங்கல்பட்டுக்குப் போனபோது டாக்டர் இடது கண்ணைப் பார்த்து, “தேறிட்டீங்க,” என்றார். வலது கண்ணின் பூ அப்படியே இருந்தது. இடது கண் கடைசிவரைக்கும் இருந்தது. என் கல்யாணத்தையும், என் பிள்ளைகளையும், அவர்கள் பிள்ளைகளையும் அந்த ஒரு கண்ணால்தான் பார்த்தாள். ஈசன் கொடுத்தது அது. சங்கத்து ஐயாவின் குச்சியிலும் பாயின் சுத்தியலிலும் அவன் இருந்தான் என்றுதான் நான் நம்புகிறேன்.

இதோடு முடித்திருப்பேன். பின்னால் நடந்தது ஒன்று இருக்கிறது.

நைனா காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வீட்டை இடித்துக் கட்டச் சித்தப்பா பிள்ளைகள் ஏற்பாடு செய்தார்கள். நான் ஊருக்குப் போயிருந்தேன். கொத்தனார் பழைய அறைகளை அளந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மேற்கு அறைக்குள் போய் டேப்பை நீட்டினார்.

“உள்ளளவு ஒன்பதடி!”

அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிடி இறுகியது.

“உனக்கு முன்ன ரெண்டு அண்ணனுங்க பொறந்தாங்க,” என்றாள். அதுவரை அவள் எனக்கு அதைச் சொன்னதே இல்லை. “ஒருத்தன் ஏழு நாளு. இன்னொருத்தன் மூணு மாசம். ரெண்டு பேரும் அந்த அறையிலதான். கல்யாணமான புதுசுல உங்க நைனா அவரே மண்ணு மிதிச்சிக் கட்டின அறை அது. கணக்கு பாக்காம கட்டினாரு. அப்புறம் யாரோ வந்து அளந்துட்டு எங்க ரெண்டு பேருகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டான்.”

ஒடிந்த ஈர்க்குச்சி எனக்கு ஞாபகம் வந்தது. ‘நான் கட்டறது எதுவும் ஆவாது’ என்று சாம்பலில் உட்கார்ந்து சொன்னது ஞாபகம் வந்தது. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தது ஞாபகம் வந்தது. ஒன்பதில் என்ன பயம் என்று சங்கத்து ஐயா கேட்டாரே, அதற்குப் பதில் அங்கிருந்தவர்களில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஒருவர் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி கண்ணில் ஈரத் துணியோடு உள்ளே படுத்திருந்தாள்.

கொத்தனார் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

“ஏம்மா, அப்ப நம்ம கொட்டாயில நின்ன குழாயும் ஒன்பதடிதானே?”

அம்மா அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு கொட்டாய் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பதினொண்ணு,” என்றாள்.